தோட்டத்து டிவியின் பின்மூடி

அன்றைக்கு ஈப்போ ஜெலாப்பாங் டிவி பட்டறையில் இருந்தவர்கள்: ஃபோர்மன் லியோங். டைப் அடிக்கும் ரொஹானி. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டிவி கமிட்டிச் செயலாளர் சூசை. அதே தோட்டத்தில் கரண்டு இஞ்சின் ஓட்டும் முனியாண்டி அண்ணன். அவர் சம்சாரம் பாக்கியம் அக்கா. நான்.

ஆறு பேர். நடுவில் மேசைமேல், கம்பளி விரித்து முகம் கவிழ்த்து வைத்த இருபத்தாறு அங்குலக் கலர் டிவி.

நினைவு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே என்று பட்டறையில் கூட வேலை செய்த பையன்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. முப்பது வருசம் டிவி பார்த்தவன் நான். பின்பக்கமாக. சொல்ல அதிகம் இல்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் ஆயர் தாவார் பக்கம்தான், வேறு தோட்டம். அப்பா அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் ஈப்போ வந்து ஒரு ரேடியோ கடையில் கூட்டிப் பெருக்கினேன். பிறகு ஈயம் வைக்கக் கற்றேன். எங்கே ஈயம் வைக்க வேண்டும் என்பதை அதற்கும் பிறகு கற்றேன். இங்கிலீஷ் புத்தகத்தில் படத்தை மட்டும் பார்ப்பேன். ஏழு வருசம் அப்படிப் போனது. கலர் டிவி வந்த காலத்தில் ஒரு கம்பெனி ஜெலாப்பாங்கில் சர்வீஸ் பட்டறை திறந்தது. சேர்ந்துகொண்டேன்.

ஃபோர்மன் லியோங் ஈப்போ சீனர். மெலிந்த ஆள். எங்களோடு மலாயில் பேசுவார். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். பெட்டியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வெள்ளைத் துணி விரிப்பார். வலது கைப் பக்கம் ஒரு எனாமல் தட்டு. பின்மூடி ஸ்குருவைக் கழற்றிக் கழற்றித் தட்டில் போட்டுத் தன் கண்டனீஸ் பாசையில் எண்ணுவார். யாட், யீ, சாம், செய். மூடும்போது மறுபடி எண்ணுவார். எண்ணிக்கை சேராமல் பெட்டி வெளியே போகாது. அந்த ரக டிவிக்கு எட்டு ஸ்குரு.

மூடிய பிறகு ஒவ்வொரு ஸ்குருத் தலையிலும் ஒரு சொட்டு சிவப்பு லேக்கர் வைப்பார். அதுதான் சீல். காய்ந்தபின் யாராவது திருகினால் உடைந்துவிடும். லேக்கர் புட்டி அவருடைய இழுப்பறையில் பூட்டியே இருக்கும்.

வெளியே ரவுண்டு போகிற எங்களுக்குப் பின்மூடியைத் திறக்க உத்தரவு இல்லை. ஏரியல் பார்க்கலாம். முன்பக்கக் குமிழ் திருகலாம். பிளக் மாற்றலாம். அதற்குமேல் என்றால் பெட்டியைப் பட்டறைக்குத் தூக்கி வரவேண்டும். செய்த வேலையை அட்டையில் எழுதவேண்டும். அட்டையில் பொய் எழுதியவனுக்கு இங்கே வேலை இல்லை. சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அவர் குணத்துக்கு ஒன்று சொல்கிறேன். தாப்பாவிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி வீடியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மலாயில் கத்தினார். "வாங்கி மூணு மாசம்தான்லா ஆச்சு! கேசட்டு உள்ள போக மாட்டேங்குது. எனக்குப் புதுசு கொடு!" லியோங் கை கழுவினார். துணி விரித்தார். திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கிரீம் பிஸ்கட்டை முழுசாக எடுத்தார். சாசரில் வைத்து முதலாளி பக்கம் நகர்த்தினார்.

"சின்னவன் வேலைலா இது" என்றார் முதலாளி, குரல் இறங்கி.

பக்கத்து மேசை கோவிந்து கேட்டான்: "கோப்பி கொண்டாரட்டுங்களா முதலாளி?"

லியோங் அவனைப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க கோவிந்து வாய் திறக்கவில்லை. ஆளை வெட்கப்படுத்தக் கூடாது. ஆனால் அட்டையில் மாற்றி எழுதவும் கூடாது. அட்டையில் "பிஸ்கட்" என்றே எழுதினார்.

இனி அந்தத் தோட்டம்.

பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட ஆரம்பித்திருந்த நேரம். தொழிலாளர் லயத்துக்குக் கரண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போகும். முனியாண்டி அண்ணன் இஞ்சின் போட்டால் உண்டு. லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய கலர் டிவியை ஆயாக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். பாக்கியம் அக்கா அங்கே பிள்ளை பார்க்கும் ஆயா. டிவிக்கு மரப்பெட்டி செய்து பூட்டுப் போட்டிருந்தார்கள். அந்தச் சாவி முனியாண்டி அண்ணனிடம். கோயில் சாவியும் அவரிடம்தான். அவரை அப்படி நம்பினார்கள்.

டிவி வந்து நாலாவது மாதம் ரிப்போர்ட் வந்தது. நான் வேனில் போனேன். சம்பள நாள். ஜனம் முழுக்க ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றது. கொட்டகையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"குறுக்கால ஒரே ஒரு கோடு தம்பி" என்றார் முனியாண்டி அண்ணன். "படம் ஓடுது. ஆனா அந்தக் கோட்டுக்குள்ளயே ஓடுது."

பார்க்காமலே தெரிந்தது. உள்ளே ஓரிடத்தில் ஈயம் விட்டிருக்கும். வைத்தால் ஐந்து நிமிச வேலை. சட்டப்படி பெட்டியை ஈப்போவுக்குத் தூக்க வேண்டும். வேனில் ஏற்கெனவே இரண்டு பெட்டி, இடமில்லை. அடுத்த ரவுண்டு மூன்று வாரம் கழித்து.

"இன்னைக்குத் தமிழ்ப் படம் போடுற நாளு" என்றார் பாக்கியம் அக்கா. "வாரத்துல ஒண்ணுதான் போடுறான். சம்பளத்தை வாங்கிக்கிட்டு நேரா இங்கதான் வருவாங்க. என்னைப் பிடிச்சுத் திம்பாங்க."

"கரண்டு இருந்தா இங்கேயே செய்யலாம்கா."

முனியாண்டி அண்ணன் ஆபீஸுக்குப் போகிற சடக்கைப் பார்த்தார். மணி நாலு. ஆறுக்கு முன்னால் இஞ்சின் போட்டால் ஆபீஸ் கிராணி கேள்வி கேட்பார். டீசல் கணக்கு அவரிடம். தப்பினால் இஞ்சின் வேலை போகும். "பெல்ட் பார்த்தேன்னு சொல்லிக்கிறேன்" என்று இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் சத்தம் கேட்டது.

எட்டு ஸ்குருவையும் கழற்றினேன். லேக்கர் உடைந்து உதிர்ந்தது. ஊதிவிட்டேன். ஈயம் வைத்தேன். படம் விரிந்தது. அக்கா கையைத் தட்டினார்.

மூடும்போது ஆபீஸ் பக்கமிருந்து ஒரு ஆள் கத்திக்கொண்டே வந்தான். கிராணி அனுப்பியிருக்கிறார், ஏன் இஞ்சின் ஓடுகிறது என்று. இஞ்சின் நின்றது. நான் அவசரமாக முடுக்கினேன். ஏழுதான் கிடைத்தது. எட்டாவதைத் தேடினேன். பலகைத் தரை, இடுக்கு அதிகம். கீழே விழுந்திருக்கும் என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

முனியாண்டி அண்ணன் மூச்சு வாங்க வந்தார்.

"அண்ணே, நான் மூடியைத் திறந்தது யாருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"நான் இஞ்சின் போட்டதும் தெரிய வேணாம். தெரிஞ்சா என் வேலை போயிரும்." சிரித்தார். "சரியாப் போச்சு. யாருக்கும் தெரியாது தம்பி."

அட்டையில் "சரிப்படுத்தியது" என்று மலாயில் ஒரே வார்த்தை எழுதினேன். முன்பக்கக் குமிழ் திருகினால் எழுதுகிற வார்த்தை அது. வீட்டுக்கு வந்து சிலுவாரைக் கழற்றினால், கால் மடிப்பிலிருந்து ஸ்குரு விழுந்தது. காலித் தைல டப்பாவில் போட்டு சாமான் பெட்டியில் வைத்தேன். அடுத்த தடவை போகும்போது போட்டுவிடலாம் என்று. அடுத்த தடவை வரவில்லை. அந்த ரவுண்டைக் கேட்டு வாங்கிப் போயிருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஆறு மாதம் போனது. டிவி முழுக்கச் செத்துவிட்டது. ஒரு வருசம் ஆகவில்லை, வாரண்டி உண்டு. தோட்டத்து லோரியில் ஈப்போவுக்குக் கொண்டு வந்தார்கள். நான் அப்போது தாப்பா பக்கம் ஒரு வாரம் ரவுண்டு. சனிக்கிழமை திரும்பி வந்தால், பெட்டியில் சிவப்பு அட்டை தொங்குகிறது. வாரண்டி ரத்து.

கோவிந்து சொன்னான். "உங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்கதாண்ணே. பெட்டியைத் திறந்து நோண்டியிருக்கானுங்க. அப்புறம் கள்ள சீல் வெச்சிருக்கானுங்க. எதுல தெரியுமா? குங்குமத்துல!"

நான் சிரிக்கவில்லை. பின்மூடியைப் போய்ப் பார்த்தேன். எட்டு இடத்திலும் சிவப்புப் பொட்டு, வரிசையாக, கை சுத்தமாக. எட்டாவது இடத்தில் ஸ்குரு இல்லை. வெறும் ஓட்டை. அதன்மேலும் ஒரு பொட்டு.

திங்கட்கிழமை கமிட்டி வருகிறது என்றான். டிவியைத் திறந்தது முனியாண்டிதான் என்று தோட்டத்தில் முடிவு கட்டிவிட்டார்களாம். இஞ்சினைப் பிரிக்கிறவன் டிவியைப் பிரிக்க மாட்டானா என்று கேட்டார்களாம். கோயில் சாவியை வாங்கிவிட்டார்கள். கம்பெனியும் கடிதத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தால் தோட்டத்துத் துரையிடம் போவார்கள். இஞ்சின் வேலையும் போய்விடும். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும்.

ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்தேன். காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மத்தியானம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் சம்சாரம் ஏழு மாதம். ரவுண்டு சூப்பர்வைசர் வேலை எனக்கு வரும் என்று பேச்சு இருந்தது. இதெல்லாம் காரணம் என்று சொல்லவில்லை. இருந்தது என்று சொல்கிறேன்.

திங்கட்கிழமை. லியோங் கை கழுவினார். துணி விரித்தார், தட்டை வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, பாக்கியம் அக்காவுக்கு மலாய் சரியாக வராது. என்னை நடுவில் நிற்கச் சொன்னார். நான்தான் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.

பஞ்சைத் தின்னரில் நனைத்து ஒரு பொட்டின்மேல் வைத்தார். எடுத்து மோந்தார். என்னிடம் நீட்டினார். நல்லெண்ணெய் வாசம்.

"இது எங்க சீல் இல்லை. யார் வைத்தது?"

தமிழில் கேட்டேன்.

"நான்தான் வெச்சேன்" என்றார் பாக்கியம் அக்கா. "ஆயுத பூசைக்கு. வெட்டுக்கத்திக்கு வெக்கிறோம், இஞ்சினுக்கு வெக்கிறோம், டிவிக்கு வெக்கக் கூடாதா?"

"முன்னால வெக்கலாம்லா" என்றார் சூசை. "பின்னால போயி, ஸ்குரு ஸ்குருவா எண்ணி எவன் வெப்பான்? எனக்குப் பூசை பழக்கமில்லைக்கா, நான் மாதா கோயிலுக்குப் போறவன். இது எந்த சாமிக்கு?"

"அங்கதான்பா பொட்டு இருந்துச்சு. கம்பெனியே வெச்சு அனுப்புன பொட்டு. அழிஞ்சு மூளியாக் கிடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா அப்படி விடலாமா? எண்ணெயில கொழச்சா நிக்கும்னு கொழச்சு வெச்சேன்."

நான் மலாயில் சொன்னேன். ரொஹானி டைப் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

லியோங் பஞ்சைக் கீழே வைத்தார். "குங்குமம் தப்பில்லை" என்றார். "பழைய சீல் எப்படி அழிந்தது? அதைக் கேள்."

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்டது. "ஃபோர்மன் கேக்கிறாரு. பழைய பொட்டு எப்படி அழிஞ்சிச்சு?"

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். முனியாண்டி அண்ணன் அவர் கையைத் தொட்டார்.

"தெரியலன்னு சொல்லு தம்பி."

என்னைத் தம்பி என்றுதான் சொன்னார், அப்போதும்.

"தெரியாதாம்" என்று மலாயில் சொன்னேன்.

லியோங் ஸ்குருவைக் கழற்ற ஆரம்பித்தார். தட்டில் ஒவ்வொன்றாக விழுந்தது. யாட், யீ, சாம், செய், இங், லொக், ச்சாட். ஏழு. நிறுத்தினார். மூடியைக் கொஞ்சம் நெம்பி உள்ளே பார்த்தார், மோந்தார். தட்டைச் சூசை பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என் ஆள் போனபோது முன்பக்கம்தான் தொட்டிருக்கிறான். அட்டை சொல்கிறது. அட்டையை நான் நம்புகிறேன். ஃப்ளைபேக் காயில் கருகியிருக்கிறது. பெட்டி செத்தது அதனால்தான், திறந்ததால் இல்லை. கம்பெனிச் சாமானிலேயே கோளாறு. சீல் இருந்தால் இனாமாகச் செய்வேன். சீல் இல்லை. எழுது ரொஹானி, வாடிக்கையாளர் திறந்தது."

டைப் சத்தம் ஆரம்பித்தது. நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன்.

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணே?" என்றார் சூசை. "நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல. இஞ்சின்ல எண்ணெய் போட்ட கை, டிவியிலயும் போட்டிருச்சு."

முனியாண்டி அண்ணன் இடுப்பு பெல்ட்டிலிருந்து டிவி பெட்டிச் சாவியைக் கழற்றப் பார்த்தார். வளையம் இறுக்கமாக இருந்தது. நகத்தால் நெம்பினார். வரவில்லை. மறுபடி நெம்பினார்.

நான் என் மேசைக்குப் போனேன். சாமான் பெட்டியைத் திறந்து தைல டப்பாவை எடுத்தேன். திரும்பி வந்து தட்டில் கொட்டினேன்.

லியோங் ஸ்குருவைப் பார்த்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் தலையில் லேக்கர் துணுக்கு ஒட்டியிருந்தது. அவருடைய சிவப்பு. தட்டில் வைத்தார். பாட் என்றார். கண்டனீஸில் எட்டு.

டைப் சத்தம் நின்றது.

"நான்தான் திறந்தேன்" என்றேன். மலாயில் ஒரு தடவை. தமிழில் ஒரு தடவை. சூசைக்கும் கேட்கவேண்டும்.

லியோங் மூடியை முழுக்கத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். நான் ஈயம் வைத்த இடத்தைக் கண்டுபிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஈயம் நல்லா வைத்திருக்கிறாய்" என்றார். "அட்டை நல்லா இல்லை."

"ஆமா."

"எத்தனை மணிக்கு?"

"நாலு மணி."

"அங்கே ஆறு மணிக்குத்தான் கரண்டு. ஈயக்கோல் எப்படிச் சூடானது?"

சூசை பக்கத்தில் நின்றார். முனியாண்டி அண்ணன் தரையைப் பார்த்தார்.

"அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன்." தமிழிலும் சொன்னேன்.

"என் அடுப்புலதான்" என்றார் பாக்கியம் அக்கா, உடனே. "பிள்ளைங்களுக்குப் பால் காய்ச்சுற அடுப்பு."

லியோங் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஈயம் வைத்தபின் டிவியை எந்தக் கரண்டில் போட்டுப் பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இஞ்சின் விசயம் வெளியே வந்திருக்கும். இப்போது முனியாண்டி அண்ணனும் இல்லை, அந்த இஞ்சினும் இல்லை. அதனால் எழுதுகிறேன். உண்மையைச் சொல்ல வந்த இடத்திலும் ஒரு பொய் சொன்னேன்.

ரொஹானி பழைய தாளை உருவி, புதுத் தாளைச் சொருகினாள். "எங்கள் ஆள் திறந்தது. வாடிக்கையாளர் மேல் தப்பு இல்லை. வாரண்டி உண்டு." லியோங் கையெழுத்துப் போட்டார். பிறகு போய்க் கை கழுவினார்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் போனேன். சூசை தள்ளி நின்றார். முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன் தம்பி இவ்வளவு நேரம்?"

திட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பஸ் வந்தது.

எனக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ரவுண்டு நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் வேலை கோவிந்துவுக்குப் போனது. நல்லாத்தான் பார்த்தான். லியோங் அதைப்பற்றி என்னிடம் பேசவே இல்லை, அடுத்த நாளும் அதே இருபது வார்த்தை. ஆனால் நான் எழுதிய அட்டையை அதற்குப்பிறகு ஒரு வருசம் இரண்டு தடவை படித்தார். அதுதான் எனக்கு வலித்தது.

பெட்டி தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக்குக் கொண்டு போனோம். லியோங்கும் வந்தார், லீவு நாளில், சொந்தக் காரில். சட்டைப் பையில் லேக்கர் புட்டி. அது பட்டறையை விட்டு வெளியே வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பின்மூடியைப் பட்டறையில் போடவில்லை. எல்லார் கண்முன்னாலும் போடவேண்டும் என்றார்.

கொட்டகை நிறைந்திருந்தது. பாக்கியம் அக்கா குங்குமத் தட்டோடு நின்றார்.

"இப்ப வெக்கலாமான்னு கேளு தம்பி."

கேட்டேன். லியோங் யோசித்தார். "முன்னால் போலே" என்றார். தமிழில் ஒரு வார்த்தை, மலாயில் ஒரு வார்த்தை: முன்னால் வைக்கலாம். ஜனம் சிரித்தது. சூசையும் சிரித்தார்.

பிறகு சூசை பையிலிருந்து கோயில் சாவியை எடுத்து டிவி மேல் வைத்தார். "எடுத்துக்குங்கண்ணே" என்றார்.

முனியாண்டி அண்ணன் சாவியைத் தொடவில்லை. "எண்ணி முடிக்கட்டும்" என்றார்.

லியோங் தட்டையும் ஸ்குருடிரைவரையும் என்னிடம் கொடுத்தார். "நீ எண்ணு. இவங்களுக்குப் புரியுற பாசையில்."

தமிழில் எண்ணினேன். ஒவ்வொன்றாக முடுக்கி, சத்தமாகச் சொன்னேன். அவர் பின்னாலேயே லேக்கர் வைத்துக்கொண்டு வந்தார். ஏழு சொன்னபிறகு முனியாண்டி அண்ணன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கடைசியை எடுத்து ஓட்டையில் வைத்து, முடுக்கினேன்.

எட்டு.